கோபுரம் ஏறினால் தெரியும் பள்ளம்

விண்கல் விழுந்த பள்ளம் என்றதும், விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும் ஒரு பெருங்குழிதான் நம் நினைவுக்கு வரும். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இருக்கும் நேர்ட்லிங்கன் அப்படிப்பட்ட இடமல்ல. டோனாவெர்த்தில் ரயில் மாறி, வயல்வெளிகளை வேடிக்கை பார்த்தபடி வந்து இறங்குகிறோம். இறங்கிய இடமே பள்ளத்தின் உட்புறம்தான். சொன்னால் ஒழியத் தெரியாது.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் செயின்ட் ஜார்ஜ் தேவாலயக் கோபுரத்தில் ஏற வேண்டும். ஊரார் அதற்கு வைத்திருக்கும் பெயர் டேனியல். உயரம் 90 மீட்டர், படிகள் 350. முழங்கால் வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். உச்சியிலிருந்து பார்த்தால் சிவப்பு ஓட்டுக் கூரைகள், அவற்றைச் சுற்றி வட்டமாக ஒரு மதில். அதுதான் பள்ளத்தின் கரை என்று நினைத்துவிடாதீர்கள், அது இடைக்காலத்தில் மனிதர்கள் கட்டிய கோட்டைச் சுவர். பார்வையை இன்னும் தள்ளுங்கள். வயல்கள் முடியும் இடத்தில், தாம்பாளத்தின் விளிம்புபோலத் தாழ்ந்த குன்றுகள் சுற்றி வளைத்திருக்கின்றனவே, அதுதான் கரை. குறுக்களவு சுமார் 24 கிலோமீட்டர். ஏறக்குறைய 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒரு கிலோமீட்டர் அளவுள்ள விண்கல் மோதிய வடு. பிறகு அதில் ஏரி தேங்கி, வண்டல் படிந்து, இன்று விளைநிலமாகிவிட்டது.

கீழே வந்ததும் தேவாலயச் சுவரைக் கிட்டத்தில் பாருங்கள். சாம்பல் நிறக் கல், அதில் ஆங்காங்கே கருத்த கண்ணாடித் துணுக்குகள். சூவைட் என்பார்கள். மோதலில் உருகிய பாறையும் நொறுங்கிய பாறையும் சேர்ந்து இறுகியது. இதை எரிமலைக் கல் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1960இல் அமெரிக்க நிலவியலாளர் யூஜின் ஷூமேக்கர் பக்கத்து ஓட்டிங் கல்குவாரியில் எடுத்த கற்களில் கோயசைட் என்ற கனிமம் தென்பட்டது. எரிமலையின் அழுத்தம் அதை உண்டாக்கப் போதாது. வழக்கு முடிந்தது! பூமிக்கடியில் இருந்த கிராஃபைட் அந்த அடியில் வைரமாக மாறியதால், இந்தக் கல்லில் வைரத் துகள்களும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத பொடி என்பதால் சுவர் தப்பித்தது.

1970இல் ஆலன் ஷெப்பர்ட் உள்ளிட்ட அப்போலோ வீரர்கள் இங்கே பயிற்சிக்கு வந்தார்கள். நிலாவில் எந்தக் கல்லைப் பொறுக்குவது என்று தெரிய வேண்டுமல்லவா? ஊரிலுள்ள ரீஸ் பள்ள அருங்காட்சியகத்தில் அப்போலோ 16 கொண்டுவந்த நிலாக்கல் ஒன்றும் இருக்கிறது. நேரம் குறைவென்றால் நான் சுவரையே பார்க்கச் சொல்வேன். நிலாக்கல்லைத் தொட விடமாட்டார்கள்.