களிமண் மறுக்காத உடல்



1988இல் கொழும்பில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் ஆஸ்திரேலியா சென்றவர் ரமேஷ் மரியோ நித்தியேந்திரன். சிட்னியில் சுடுமண் உருவங்கள் படைக்கிறார். 2015இல் சிட்னி மையர் நிதியத்தின் சுடுமண்கலை விருதைப் பெற்றார். பல தலை, பல கை. ஓருருவிலேயே ஆண்மையும் பெண்மையும். விரல் தடம் அழியாத மேனி. ஆணா, பெண்ணா என்னும் வினாவுக்கு அவை விடை தருவதில்லை.

நமக்கு இது புதிதா? மாதொருபாகனைச் செம்பில் வார்த்து வணங்கிய மரபு நம்முடையது. வகுப்பறையில் அவ்வடிவை வியந்து கற்பித்தவள் நான். ஆனால் நடையிலும் குரலிலும் வேறுபட்ட மாணவர் ஒருவர் ஏளனத்துக்கு அஞ்சிக் கல்லூரியை நீங்கியபோது வாய் திறவாதிருந்தேன். சிலையில் வணங்கியதை உயிரில் கைவிட்டேன்.

பத்தாண்டு கண்ட இவ்வவையை வேண்டுகிறேன்: களிமண் மறுக்காத உடலை நம் கவிதையும் மறுக்காதிருக்கட்டும்.