சிறிய குழாய், பெரிய செலவு



இன்று ஒரு சின்னப் பொருளைப் பற்றிப் பேசுவோம். அது ஒரு ரப்பர் குழாய். ஜீப்பின் எஞ்சினில் இருக்கிறது. மெக்கானிக்குகள் அதை ‘ஹோஸ்’ என்பார்கள்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்தில் பழைய ஜீப்புகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. வெள்ளறடை, அம்பூரி பக்கத்து ஏற்றங்களில் ரப்பர் ஷீட்டும் மரச்சீனியும் ஏற்றிக்கொண்டு ஏறும். ஒரு வண்டியை நம்பி ஒரு குடும்பம் சாப்பிடும். அந்த வண்டி நின்றால் அடுப்பும் அணையும்.

எஞ்சினுக்குள் டீசல் எரிகிறது. அதனால் பெரும் சூடு உண்டாகிறது. அந்தச் சூட்டை யார் எடுப்பது? தண்ணீர். பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீர் எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்குகிறது. பிறகு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்றுப் பட்டு ஆறுகிறது. மறுபடியும் எஞ்சினுக்குப் போகிறது. இந்த வழியை இணைப்பவைதான் ஹோஸ்கள்.

சில ஜீப்புகளில் ஹீட்டரும் உண்டு. காஷ்மீர் போன்ற குளிர் இடங்களில் அது வேண்டும். நமக்கு எதற்கு? நாம் அதைப் போடுவதே இல்லை. அதனால் அதன் ஹோஸை யாரும் கவனிப்பதும் இல்லை. ஆனால் அந்த ஹோஸும் எஞ்சின் தண்ணீரோடு சேர்ந்ததுதான். அங்கே ஓட்டை விழுந்தால் மொத்தத் தண்ணீரும் போய்விடும். எஞ்சின் சூடேறி ஹெட் வளையும். சில நூறு ரூபாய் வேலை, பல ஆயிரம் ரூபாய் வேலையாகும்.

ரப்பர் ஏன் கெடுகிறது? ரப்பர் பாலை நாம் நன்றாக அறிவோம். வெறும் ரப்பர் சூட்டில் ஒட்டும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகும். இதை 1839இல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தார். ஆனாலும் பல வருடச் சூடு எந்த ரப்பரையும் கெடுக்கும். எண்ணெய் பட்டால் ஊதிவிடும். ஹோஸ்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பும் சூட்டில் நொறுங்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எஞ்சின் ஆறியிருக்கும்போது ஹோஸை அமுக்கிப் பாருங்கள். கல்போல இருக்கிறதா? சதசதவென்று இருக்கிறதா? வெடிப்பு, வீக்கம், ஈரம் தெரிகிறதா? தெரிந்தால் மாற்றுங்கள்.

மாற்றும் முறை இது:

1. எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கும். கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும்.

2. தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வடியுங்கள். அதில் கூலண்ட் கலந்திருந்தால் அது விஷம். இனிப்பாகவும் இருக்கும். குழந்தையும் ஆடும் நாயும் நக்காமல் பாருங்கள்.

3. கிளிப்பைத் தளர்த்துங்கள். ஹோஸ் வராவிட்டால் முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். ஹீட்டரின் குழாய் மெல்லியது, ஒடிந்துவிடும். ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள்.

4. குழாய் முனையில் உள்ள துருவை எமரித் தாளால் தேயுங்கள். பழைய பிளாஸ்டிக் இணைப்பைத் தூக்கி எறியுங்கள். அதே அளவில் பித்தளை இணைப்பு கிடைத்தால் நல்லது.

5. கிளிப்பை முதலில் புது ஹோஸில் மாட்டுங்கள். முனையில் சோப்புத் தண்ணீர் தடவினால் ஹோஸ் வழுக்கி ஏறும். கிரீஸ் வேண்டாம். குழாய் முனையில் ஒரு மேடு இருக்கும். கிளிப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். அளவாக முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் ரப்பர் அறுபடும்.

6. ஹீட்டரைத் திறந்து வைத்துத் தண்ணீரும் கூலண்டும் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் உள்ளே காற்று தங்கும். மூடியைப் போட்டுச் சிறிது தூரம் ஓட்டுங்கள். ஆறிய பிறகு திறந்து, குறைந்ததை நிரப்புங்கள். மறுநாள் கிளிப்பையும் பாருங்கள்.

வழியில் சூட்டு முள் ஏறினால் என்ன செய்வது? வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். காத்திருங்கள். ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று ஓட்டாதீர்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். இன்னொன்றும் கேளுங்கள். தண்ணீர் முழுவதும் போய்விட்டால் முள் சரியாகக் காட்டாமலும் போகலாம். ஆகவே முள்ளை மட்டும் நம்பாதீர்கள். தினமும் காலையில் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். தரை ஈரமா?

கடைசியாக ஒரு வேலை. எழுதப் படிக்கக் கற்றிருக்கிறோம் அல்லவா? ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். எந்த ஹோஸை மாற்றினோம்? எந்தத் தேதியில்? டிரைவர் மாறினாலும் மெக்கானிக் மாறினாலும் நோட்டு மறக்காது. வீட்டில் ஜீப் இல்லாதவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாளை நீங்கள் ஏறும் ஜீப்பில் புகை வந்தால், மூடியைத் திறக்கப் போகிறவரின் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.