எத்தனை ஸ்குரூ?



பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டுக்கு ஆள் பார்க்க வருகிறவர்கள், சாத்துக்குடிப் பையைக் கட்டிலோரம் வைத்ததும் கேட்பது இதைத்தான்: "பிளேட்டு வச்சிருக்காவளா? எத்தன ஸ்குரூ போட்டிருக்காவ?" எட்டு என்றால் பெரிய ஆபரேஷன், நாலு என்றால் சின்னது. பனையிலிருந்து விழுந்தவருக்கும், நாலுவழிச் சாலையில் பைக்கோடு சரிந்தவருக்கும், அம்பாசமுத்திரம் பக்கம் வரப்பில் வழுக்கிய ஆச்சிக்கும் இதே கணக்குதான். இந்தக் கணக்கை வைத்து, முறிந்த எலும்பைப் பிளேட் வைத்துப் பிடிக்கும் கலையை எடைபோட முடியாது என்பதைச் சொல்லவே இன்று பேச வந்தேன்.

எலும்பைக் கூட்டுவது உடம்பு. பிளேட்டுக்கும் ஸ்குரூவுக்கும் உள்ள வேலை, அது கூடும்வரை பிடித்துக்கொண்டிருப்பது. கூடாமலே மாதங்கள் ஓடினால், எவ்வளவு கெட்டியான பிளேட்டும் அசைந்து அசைந்து ஒருநாள் முறிந்துபோகும். நாம் இரும்பைக் குறை சொல்வோம். பெரும்பாலும் எலும்பு ஏன் கூடவில்லை என்றுதான் பார்க்க வேண்டியிருக்கும்.

1886-லேயே ஜெர்மனியில் ஹான்ஸ்மன் என்ற மருத்துவர் பிளேட் வைத்தார். அந்தக் காலத்து உலோகம் உடம்புக்குள் துருப்பிடித்தது, சீழும் வைத்தது. பெல்ஜியத்து ராபர்ட் டானிஸ் 1949-ல் எழுதிய நூலில் ஒரு பெரிய விஷயத்தைக் காட்டினார். முறிந்த முனைகளை ஒன்றோடொன்று இறுக அழுத்தி வைத்தால், எக்ஸ்ரேயில் புது எலும்பு திரளாமலே முறிவு கூடிவிடுகிறது! 1958-ல் சுவிட்சர்லாந்தில் முல்லர் முதலிய மருத்துவர்கள் ஏ.ஓ. என்ற குழுவாகச் சேர்ந்து, இதை உலகம் முழுக்கக் கற்றுக்கொடுக்கும் முறையாக்கினார்கள்.

அந்த அழுத்தத்தை ஒரே ஒரு ஸ்குரூ எப்படிக் கொடுக்கிறது என்று பாருங்கள். முன்கை எலும்பு சாய்வாக முறிந்திருக்கிறது. போடப்போவது 3.5 மில்லிமீட்டர் ஸ்குரூ. ஸ்குரூ நுழையும் இந்தப் பக்கத்துத் துண்டில் 3.5 மில்லிமீட்டருக்கே துளை போடுகிறார்கள். எதிர்ப்பக்கத் துண்டில் 2.5 மில்லிமீட்டர் மட்டும். ஆகவே இந்தப் பக்கம் மரை பிடிக்காமல் வழுக்கிப் போகும், எதிர்ப்பக்கம் மட்டும் பிடிக்கும். முறுக்க முறுக்க எதிர்த்துண்டு இழுபட்டு வந்து இதோடு அழுந்தும். இரண்டு பக்கமும் மரை பிடித்துவிட்டால் நடுவில் உள்ள இடைவெளி அப்படியே நின்றுவிடும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் இவ்வளவு யோசனை இருக்கிறது.

துளை போடும்போது பக்கத்தில் ஒருவர் சலைன் தண்ணீரை விட்டுக்கொண்டே இருப்பார். சூடு 47 டிகிரியைத் தாண்டி ஒரு நிமிடம் நின்றாலே அந்த இடத்து எலும்பு செத்துப்போகும். செத்த எலும்பில் ஸ்குரூ தங்காது, கழன்றுவிடும். எலும்பை மூடியிருக்கும் சவ்வையும் தேவைக்கு மேல் உரிக்கக் கூடாது, ரத்தம் அதன் வழியாகவும் போகிறது. நல்ல சர்ஜனை நான் முதலில் மதிப்பது அவர் சதையைத் தொடுகிற பக்குவத்தை வைத்துத்தான்.

முன்கையில் இன்னொன்றும் உண்டு. பெருவிரல் பக்கத்து எலும்பு இயல்பாகவே கொஞ்சம் வளைந்தது. அந்த வளைவு இருப்பதால்தான் அது மற்ற எலும்பின் மேல் புரண்டு கை திரும்புகிறது. அதை நேராக்கிப் பிளேட் வைத்துவிட்டால் எக்ஸ்ரே அழகாகத் தெரியும், கை திரும்பாது. உள்ளங்கை மேலே திரும்பினால்தான் சோறு வாய்க்கு வரும். கவிழ்ந்தால்தான் முக்கூடலில் பீடி சுற்றும் அக்காவுக்கு மடித்தட்டில் வேலை ஓடும். அதனால் பிளேட்டைத்தான் எலும்புக்குத் தக்கபடி வளைக்க வேண்டும்.

எலும்பு நொறுங்கிக் கிடந்தால் கதையே வேறு. ஒவ்வொரு சில்லையும் தேடிப் பிடித்து ஸ்குரூ போட்டால் ரத்த ஓட்டம் அறுந்துபோகும். நொறுங்கிய இடத்தைத் தொடாமல், நீளமான பிளேட்டை மேலும் கீழும் நல்ல எலும்பில் மட்டும் பிடிக்க வைப்பார்கள். பத்துத் துளையில் நாலு காலியாக இருந்தால் அது கஞ்சத்தனமோ மறதியோ கிடையாது, தெரிந்தே விட்டது. நொறுங்கிய இடத்தில் லேசான அசைவு இருக்க வேண்டும். அதுதான் புது எலும்பைத் திரள வைக்கும். நம் ஊர் நாட்டுக்கட்டில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியபோதும் எலும்பு கூடியது இந்த வழியில்தான். அந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வீக்கம் ஏறும் நேரத்தில் இறுக்கிக் கட்டி, விரல் ஜில்லிட்டு மரத்துப்போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. உடனே கட்டை அவிழ்த்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மாவுக்கட்டானாலும் இதே எச்சரிக்கைதான்.

கூடிய பிறகு பிளேட்டை எடுத்தே ஆக வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். பெரியவர்களுக்கு உறுத்தலோ சீழோ இல்லையென்றால் பெரும்பாலும் விட்டுவிடலாம். எடுத்தால், ஸ்குரூ இருந்த துளைகள் தூர்ந்து எலும்பு பழைய பலத்துக்கு வரச் சில மாதங்கள் ஆகும். டாக்டர் சொல்லும்வரை பனையேறவும் கூடாது, நெல்மூட்டை தூக்கவும் கூடாது.