மூடாத சிறுவழி

கருவறையில் வளரும் சிசு காற்றைச் சுவாசிப்பதில்லை. அதற்கு வேண்டிய ஒட்சிசன் தாயின் குருதியிலிருந்து தொப்புட்கொடி வழியே கிடைக்கின்றது. ஆதலால் சுவாசப்பையை நோக்கிச் செல்லும் குருதியின் பெரும்பகுதி, இடையிலுள்ள ஒரு சிறு குழாய் வழியாகப் பெருநாடியைச் சென்றடைகின்றது. நிறைமாதத்திற் பிறந்த குழந்தை மூச்சுவிடத் தொடங்கியதும் இக்குழாயின் வேலை முடிகின்றது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களுள் அது தானே சுருங்கி மூடிவிடும்.

குறைமாதத்திற் பிறந்த குழந்தையிலோ அவ்வழி பல வேளைகளில் திறந்தே கிடக்கின்றது. கருவறையிற் சிசுவைக் காத்த வழியே இப்பொழுது தீங்காகின்றது. பெருநாடியின் குருதி எதிர்த்திசையிற் பாய்ந்து சுவாசப்பையை நிரப்ப, குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரிய பங்கு குறைகின்றது. இதயம் வீணே உழைக்கின்றது.

1938 ஆம் ஆண்டிற் பொஸ்டன் நகரில் ரொபேட் குரோஸ் என்னும் சத்திரவைத்தியர், ஏழு வயதுச் சிறுமியொருத்தியின் மார்பைத் திறந்து இக்குழாயைக் கட்டினார். மார்பைத் திறவாது, குருதிக்குழாய் வழியே அடைப்பொன்றைச் செலுத்தி மூடும் முறையை 1967 ஆம் ஆண்டிற் பேர்லின் நகர வைத்தியர் வேர்ணர் போர்ஸ்ட்மான் வெளியிட்டார். ஆயினும் மிகச் சிறிய சிசுக்களுக்கென ஆக்கப்பட்ட கருவியொன்றை ஐக்கிய அமெரிக்காவின் மருந்து நிருவாகம் அங்கீகரித்தது 2019 ஆம் ஆண்டிலேயே. 700 கிராம் நிறையுள்ள குழந்தைக்கும் அதனைப் பொருத்தலாம்.

அக்கருவி, நிக்கலும் டைட்டானியமும் கலந்த நுண்கம்பியாற் பின்னிய வலை. பட்டாணிக் கடலையினும் சிறியது. தொடையிலுள்ள நாளத்தில் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, இதயத்தின் வலப்பக்கமாக அதனைக் கொண்டு செல்வர். நாடி வழியை நாடுவதில்லை. சிசுவின் நுண்ணிய நாடி காயமுற்றால் காலுக்குக் குருதி செல்வது தடைப்படலாம். எக்ஸ் கதிரும் ஒலியலைப் படமும் வழிகாட்ட, ஒடுங்கியிருந்த வலை உரிய இடத்தில் விரிந்து அடைத்துக்கொள்ளும்.

இதிலும் ஆபத்துண்டு. வலை இடம்பெயரலாம், அயலிலுள்ள பெருங்குழாயை நெருக்கலாம். குறைமாதக் குழந்தைகள் பலரில் இவ்வழி நாளடைவில் தானாகவே மூடுவதுமுண்டு. ஆகவே வைத்தியர் முதலில் ஒலியலைப் படத்தைப் பார்த்து, குழந்தையின் மூச்சையும் வளர்ச்சியையும் நாள்தோறும் கவனிப்பர். கண்ணாடிப் பெட்டியருகே நிற்கும் பெற்றோருக்கு அந்நாட்கள் நெடியவை. எனினும், அவ்வாறு காத்திருப்பது கைவிடுதல் ஆகாது. அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.