சீழ்க்கையும் கைச்சாடையும்

தருமபுரிக்கு அண்டையிலுள்ள செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, எஜமானன் மாண்ட பின்னும் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது. பெயரிட்டு அழைக்கப்பட்ட நாய் மனிதக் குரலுக்குப் பழகிய நாயன்றோ?

இன்று லாப்ரடார் முதலிய ஜாதிகளைப் போட்டிகளுக்குப் பழக்குவோர், அருகில் வாய்ச்சொல்லையும் தூரத்தில் சீழ்க்கையையும் கைச்சாடையையும் கையாளுகின்றனர். நீண்ட ஒற்றை ஊதல் கேட்டதும் நாய் அமர்ந்து எஜமானனை நோக்கும். அவர் வலக்கரம் நீட்டினால் அத்திசையில் ஓடும். அடுத்தடுத்து வரும் குறுகிய ஊதல்கள் அதைத் திரும்ப அழைக்கும். காற்று குரலைச் சிதறடிக்கும் திறந்த வெளியிலும், சினமோ களைப்போ கலவாமல் ஒரே ஸ்வரத்தில் ஒலிப்பதே ஊதலின் மேன்மை என்பது என் அபிப்பிராயம். பழக்க விரும்புவோர், புதிய ஊதலை முதலில் ஒலித்து, உடனே பழகிய சொல்லைச் சொல்லிவரட்டும்; நாளடைவில் சொல் தேவைப்படாது.