நம்பமுடியாததும் நம்பவைக்காததும்



விஞ்ஞானப் புனைகதைப் படமொன்றைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நடக்கக்கூடியதா?" என்று கேட்பது நியாயமல்ல. நடவாததைக் காட்டத்தானே அது எடுக்கப்படுகிறது! "நடந்ததாக என்னை நம்பவைத்ததா?" என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

1996 இல் வெளிவந்த 'இண்டிபெண்டன்ஸ் டே' படத்தை எடுத்துக்கொள்வோம். ரோலண்ட் எமெரிக் இயக்கியது. டீன் டெவ்லினும் அவரும் சேர்ந்து எழுதியது. நகரங்களை மூடி நிற்கும் இராட்சத விண்கலங்களை நாம் மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறோம். வெள்ளை மாளிகை வெடித்துச் சிதறுகையில் மூச்சடைத்துப்போகிறோம். காட்சி நுட்பத்துக்காக ஒஸ்கார் விருதும் கிடைத்தது. ஆனால் முடிவில், கதாநாயகர்களுள் ஒருவர் தமது மடிக்கணனியிலிருந்து பகைவரின் தாய்க்கலத்துக்குக் கணனி வைரஸ் ஒன்றை அனுப்பி, அவர்களது பாதுகாப்புக் கவசத்தைச் செயலிழக்கச் செய்கிறார். இங்கேதான் நமது நம்பிக்கை அறுந்துபோகிறது.

அவர் முன்னரே எதிரியின் சமிக்ஞையைக் கண்டறிந்தவர் அல்லவா என்று சிலர் வாதிடலாம். மணியோசையைக் கேட்டு நேரத்தை அறிவது வேறு. மணிக்கூட்டின் உள்ளமைப்பை அறிவது வேறு. ஒருவகைக் கணனிக்கு எழுதிய நிரல் இன்னொரு வகையில் இயங்காது என்பதைப் படம் வந்த காலத்துப் பாவனையாளர்களே அறிந்திருந்தார்கள்.

இந்த வைரஸின் மூதாதை எச். ஜி. வெல்ஸிடம் உண்டு. 1898 இல் நூலுருப் பெற்ற 'உலகங்களின் யுத்தம்' நாவலில், செவ்வாய்க்கிரகவாசிகளை வீழ்த்துவது பற்றீரியா. அதுவும் எதிர்பாராத முடிவே. ஆயினும் நம்புகிறோம். ஏன்? முதல் வாக்கியத்திலேயே நுணுக்குக்காட்டியும் நீர்த்துளியில் நெளியும் உயிர்களும் வந்துவிடுகின்றன. செவ்வாயில் நுண்ணுயிர்கள் இல்லை என்பது இடையிலே சொல்லப்படுகிறது. வந்தவர்களோ மனித இரத்தத்தைத் தம் நாளங்களில் ஏற்றி உயிர்வாழ்பவர்கள். முடிவு வரும்போது, "நமக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டுமே!" என்று நினைக்கிறோம். படத்திலோ, தடிமன் பிடிக்கும் என்று தந்தை மகனை எச்சரிக்கும் ஒரு பேச்சிலிருந்து வைரஸ் யோசனை பிறந்து, உடனேயே பூமியைக் காப்பாற்றப் புறப்பட்டுவிடுகிறது.

"பொழுதுபோக்குத்தானே, இவ்வளவு கண்டிப்பு எதற்கு?" எனலாம். இழப்பு எங்கே என்று பாருங்கள். தன்னுயிரைக் கொடுத்து எதிரிக்கலத்தைத் தகர்க்கும் விமானியின் தியாகம்கூட, கவசம் அத்தனை இலகுவாக வீழ்ந்ததால் எடை குறைந்துவிடுகிறது. காரணம் பலவீனமானால் கண்ணீரும் பலவீனமாகும்.

விஞ்ஞானப் புனைகதை எழுத முனையும் நம் இளைஞர்கள் இதை மனங்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் எந்தப் பெரிய பொய்யையும் சொல்லுங்கள், வாசகன் ஏற்பான். முடிவில் ஒரு சிறிய பொய் சொன்னாலும் மன்னிக்கமாட்டான்.