செய்யும்போது தெரிகிற நான்



1930-ஆம் ஆண்டு பிபிசி வானொலியில் ஒரு தத்துவப் பேராசிரியர் தொடர் உரை நிகழ்த்தினார். பெயர் ஜான் மக்மரே. ஸ்காட்லாந்துக்காரர், முதல் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பியவர். தத்துவம் எல்லோருக்கும் உரியது என்று நம்பி, வானொலியில் அதைப் பேசினார். அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

அவர் எதிர்த்து வாதாடியது பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த்தை. எதையும் சந்தேகிக்கலாம், ஆனால் சந்தேகப்படுகிற நான் ஒருவன் இருப்பதைச் சந்தேகிக்க முடியாது என்றார் தெக்கார்த். ஐரோப்பியத் தத்துவம் முன்னூறு ஆண்டுகள் அந்த அடித்தளத்தின்மேல் எழும்பியது.

1953, 54-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய கிஃபோர்ட் சொற்பொழிவுகளில் மக்மரே அந்த அடித்தளத்திலேயே கைவைத்தார். நான் என்பது முதலில் செய்கிற ஒருவர். சிந்தனை அந்தச் செயலுக்குள் அடங்கியது என்றார். குழம்பு வைக்கிறவரைப் பாருங்கள். எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டா கரண்டியை எடுக்கிறார்? கையும் நாக்கும் அறிவும் சேர்ந்தே ஓடுகின்றன. ஏதாவது பிசகினால்தான் நின்று யோசிக்கிறார். யோசித்த பிறகு மறுபடி அடுப்புக்குத்தான் திரும்புகிறார்.

பார்வையைவிடத் தொடுதலுக்கு மக்மரே முதலிடம் கொடுத்ததும் இதனால்தான். பார்க்கிறவர் விலகி நிற்கலாம். சுவரைத் தள்ளுகிறவரால் அது முடியாது. சுவர் எதிர்த்து நிற்கும். தான் இருப்பதும், தன்னைத் தவிர வேறொன்று இருப்பதும் அவருக்கு ஒரே நொடியில் தெரிந்துவிடும்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது இன்னொன்று. தெக்கார்த்தின் 'நான்' தனியாள். பக்கத்தில் இன்னொரு மனிதர் இருக்கிறாரா என்பதையே அது தர்க்கம் செய்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது. மக்மரேயின் 'நான்' தொடக்கத்திலேயே இன்னொருவரோடு இருக்கிறது. 1961-இல் வெளியான தம் நூலின் இரண்டாம் அத்தியாயத்துக்குத் 'தாயும் குழந்தையும்' என்றே பெயர் வைத்தார். பிறந்த குழந்தையால் தனக்கென்று எதையும் செய்துகொள்ள முடியாது. அழும், யாராவது வந்து தூக்குவார்கள். மனித வாழ்வு அங்கே, இருவருக்கிடையில் தொடங்குகிறது என்றார்.

நான் என்பது செய்கிற ஒருவர் என்றால், கைகால் அசையாமல் படுக்கையில் கிடப்பவரின் 'நான்' என்ன ஆகும்? நியாயமான கேள்வி. மக்மரே குழந்தையிலிருந்து தொடங்கியதில் இதற்கு விடை இருப்பதாக நினைக்கிறேன். தண்ணீர் வேண்டும் என்று கண்ணால் கேட்கிறாரே, அதுவும் செயல்தான். அதைப் புரிந்துகொண்டு ஒருவர் டம்ளரோடு வரும்போது அது நிறைவேறுகிறது.